பின்னாலிருந்து இரண்டு தட்டு

செம்மண் கேம்ப்
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேருமே கத்துகிறோம். போன தடவை நீ போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் சரியாகவில்லை. "இனிமே எதுனாலும் எழுதிப் போடு. உயிர் போற விஷயம்னா மட்டும் போன் பண்ணு" என்று சொன்னாய். அதனால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பேனா பிடித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஏசி ரிப்பேர் பில்லில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

அப்பாவும் நானும் முதல் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். நாம் செம்மண் கேம்ப் என்று சொல்வோமே, அதுதான். இப்போது செம்மண் கண்ணில் படவில்லை. சிமெண்ட் தளம் போட்டு லாரி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். நம் வண்டிக்கு ஓரமாக ஒரு மூலை கொடுத்தார்கள். வண்டி பழையதுதான், ஆனாலும் நாம் சின்ன வயதில் குடியிருந்த பெட்டி வண்டியைவிட அகலம். அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிறது. டிரைவர் சீட்டுக்கும் உள்ளறைக்கும் நடுவே தகரச் சுவர், ஏறுவதற்குப் பக்கவாட்டில் கதவு, எல்லாம் நம் பெட்டி மாதிரியே. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

கரண்டு டவர்கள் அப்படியே நிற்கின்றன. அப்பா போர்மேனாக இருந்து நிறுத்திய வரிசை. அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் ஒன்றின் அடியில் நிறுத்தினேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இது யாருப்பா நிறுத்தினது?"

"நீங்கதாம்பா."

"நல்லா நிறுத்தியிருக்கான்" என்றார்.

சிரித்துவிட்டேன். பழைய இடங்களைக் கண்ணில் காட்டினால் கொஞ்சமாவது நினைவு திரும்பும் என்று நான் சொன்னபோது நீ உதட்டைப் பிதுக்கினாய். இதுவரை நீதான் ஜெயித்திருக்கிறாய்.

இன்னொரு தொல்லை. வண்டியைக் கிளப்ப விடமாட்டேன் என்கிறார். முன் சீட்டில் ஏற்றி, பெல்ட் போட்டு, சாவியைத் திருப்பினால் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். "இரு, இரு. இன்னும் சத்தம் வரலை." என்ன சத்தம் என்று கேட்டால் முறைக்கிறார். மீறிக் கிளப்பினால் ஓடுகிற வண்டியில் கதவைத் திறக்கப் பார்க்கிறார். உன் வீட்டு வாசலிலிருந்து கிளம்பவே அரைமணி ஆயிற்று. நீ வெளியே வந்திருந்தால் பார்த்திருப்பாய். வாசலுக்குக்கூட வரவில்லையே நீ. சமையலறை ஜன்னலில் உன் தலை மட்டும் தெரிந்தது. அப்பாவின் பையை மட்டும் எப்போதோ கட்டி நடையில் வைத்துவிட்டிருந்தாய்.

அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்தால் எழுது. அடுத்தது ஆற்றுக் கேம்ப். அங்கே வண்டி நிறுத்துகிற இடத்து ஆபீஸ் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

கண்டக்டர் அக்காவுக்கு அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 9

தம்பிக்கு,

முதலில் ஒன்று. கண்டக்டர் என்று எழுதாதே. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பெயர் அது. சிரிக்கிறவர்களுக்குச் சரி.

இரண்டாவது, அந்தச் சத்தம். உனக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை, நீ எப்போதும் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பாய். கேம்ப் மாற்றும்போதெல்லாம் பெட்டியின் பின்வேலை என்னுடையது. அடுப்புக் கேஸை மூட வேண்டும். படியை மடித்துச் செருக வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளை உருவ வேண்டும். கொடியில் துணி ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அதைக் கேட்டால்தான் அப்பா கியர் போடுவார். தட்டிவிட்டு நான் ஓடிவந்து பக்கக் கதவில் ஏறிக்கொள்ள வேண்டும். ஒன்பது வயதில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அப்பாவுக்கு அந்தத் தட்டு நினைவிருக்கிறது, என் பெயர் நினைவில்லை. நல்ல கூத்து.

போய்த் தட்டு. கிளம்பிவிடுவார்.

வாசலுக்கு வரவில்லை என்று குறைப்படுகிறாய். பகல் முழுக்க ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஊரார் போர்வை. வெளுத்ததை வேனில் ஏற்றி, நானே ஓட்டிப் போய் வார்டு வார்டாக இறக்கி, அழுக்கை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வீட்டுக்கு வந்தால் அப்பாவின் போர்வை. ஏழு வருஷமாக இதுதான். இதில் ஒருநாள் வாசலில் நின்று கையாட்டவில்லை என்பது உனக்குப் பெரிதாகப் படுகிறது. வழியனுப்புவது எனக்குப் பழக்கம்தான், ஆசை இல்லை.

சளி மருந்து பச்சை மூடி பாட்டில், வெள்ளை மூடி இல்லை. மாத்திரையைக் கையில் கொடுக்காதே, சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சவரம் செய்யும்போது கண்ணாடியைக் காட்டாதே. "யாரு இந்தக் கெழவன், வீட்டுக்குள்ள வந்திருக்கான்" என்று சண்டைக்குப் போவார்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஜாக்கிரதை. அதுதான் இங்கே என்னைக் கொன்றது. எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்பார். மூடினால் திறப்பார். ஒருதடவை தெருக்கோடி வரை போய்விட்டார், உன் மாமாதான் ஓடிப் பிடித்தார். அப்புறம் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைத்தேன். கதவைப் பிடித்து ஆட்டுவார். நான் கத்துவேன். அவர் திருதிருவென்று விழிப்பார். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்காது. அந்த நேரத்தில் உன் வண்டிக் கதவைப் பூட்டி வை.

கடைசியாக. ஊர் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கலாம் என்று எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு. வெறுப்பில் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை. குனிந்தால் நிமிர முடியவில்லை, படுத்தால் தூக்கம் வரவில்லை. உன் வீட்டில் முன்னறை இருக்கிறது. இனி உன் முறை.

அக்கா

*

ஆற்றுக் கேம்ப்
பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

தட்டினேன், கிளம்பினார். நீ மகராசி. பின்னால் போய் இரண்டு தட்டு, ஓடிவந்து டிரைவர் சீட்டில் ஏறினால், "ம், போ" என்கிறார் பெரிய முதலாளி மாதிரி. தட்டுகிறவனும் நான், அதைக் கேட்டு ஓட்டுகிறவனும் நான். பார்க்கிறவர்கள் எனக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்று நினைப்பார்கள்.

ஆற்றங்கரையில் நம் பெட்டி நின்ற இடம் கிடைத்தது. நீ துணி துவைக்கிற பாறை இருக்கிறது. ஆறுதான் ஒதுங்கிப் போய்விட்டது. அப்பா பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் இருப்பதாக நினைத்துக் காலைத் தொங்கப் போட்டார். எனக்குக் காட்ட வேண்டிய இடமெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. இருந்தது இல்லை, அல்லது இருப்பது அவருக்குத் தெரியவில்லை. எதற்குக் கிளம்பினோம் என்று சில சமயம் எனக்கே சலிப்பாக இருக்கிறது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது உண்மைதான். நேற்று மூன்றாவது போர்வை நனைந்தது. துவைத்துக் காயப் போட்டேன், மழை வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு போர்வைக்குக் காவல் நின்றேன். நீ என்ன செய்வாய் என்று யோசித்தேன். நீ மழை வருமென்று முன்னாலேயே மோப்பம் பிடித்திருப்பாய்.

அதனால்தான் கேட்கிறேன். கோபப்படாமல் படி. என் வீட்டுக்காரியிடம் போனில் பேசினேன். "வந்து இருந்துட்டுப் போறதுன்னா சரி. நிரந்தரம்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள். அவளையும் குறை சொல்ல முடியாது. முன்னறையில் தையல் மெஷினும் வெட்டுகிற மேஜையும் கிடக்கிறது. அதில் வருகிற வருமானத்தில்தான் பாதி மாதம் ஓடுகிறது. எங்கே கொண்டு வைப்பது? இன்னும் ஒரு ஆறு மாதம் மட்டும் நீ வைத்துக்கொள். பழகியவள் நீ. உன் கைக்குத்தான் அவர் அடங்குவார். நான் மாதாமாதம் வந்து பார்க்கிறேன், சத்தியமாக.

இங்கே பக்கத்து வண்டியில் ஒரு ரிட்டையர்டு லாரி டிரைவரும் அவர் சம்சாரமும் இருக்கிறார்கள். சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். பேச்சு வாக்கில் உன் கதையைச் சொன்னேன், ரைட் கொடுத்துவிட்டு பஸ்ஸை விட்ட கண்டக்டர் கதையை. அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், நம் வண்டியின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏறிட்டாளா?"

"யாருப்பா?"

அன்றிலிருந்து தட்டு மட்டும் போதவில்லை. தட்டிவிட்டு வந்தால், "ஏறிட்டாளா, பாத்துட்டு வா" என்கிறார். மறுபடி இறங்கி, பக்கக் கதவைத் திறந்து மூடி, "ஏறிட்டாப்பா" என்று சொன்னால்தான் கையை விடுகிறார்.

பெயர் எழுதியதற்குக் கோபித்துக்கொண்டாய் என்பதால் இந்தத் தடவை வெறும்,
தம்பி

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

உன் கடிதத்தை வேனில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் வண்டியைக் கிளப்பக் கை வரவில்லை. பின்னால் நின்ற ஆம்புலன்ஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான்.

ஊர் பேர் தெரியாதவர்களிடமும் சொல்லிச் சிரித்தாயா? சரி. உன் கதையில் என்ன இருக்கிறது? ஒருத்தி தட்டினாள், ஏற மறந்தாள், வண்டி போய்விட்டது. ஏன் ஏறவில்லை என்று இத்தனை வருஷத்தில் உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

கல்குவாரி கேம்ப். எனக்குப் பத்து வயது, உனக்கு ஐந்து. காலையில் கிளம்புகிறோம். அம்மா முன்னால், அப்பா பக்கத்தில். நீ உள்ளே தூக்கம். கேஸ் மூடினேன், படி மடித்தேன், கட்டை உருவினேன், தட்டினேன். ஓடிவரும்போது பார்க்கிறேன், குழாயடியில் உன் செருப்பு ஒன்று கிடக்கிறது. ஒற்றைச் செருப்பு. முந்தின நாள் நீ வீசி எறிந்து விளையாடியது. எழுந்தால் அதைக் கேட்டு அழுவாயே என்று எடுக்க ஓடினேன். நாலு எட்டுதான். வண்டி நகர்ந்துவிட்டது. தட்டினால் போக வேண்டும், அதுதானே பேச்சு. பின்னாலேயே ஓடினேன், கத்தினேன். குவாரியில் கல் உடைக்கிற மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கேங்கு ஆட்கள் எல்லோரும் முன்பே அடுத்த கேம்புக்குப் போய்விட்டார்கள். டவர் அடியில் போய் உட்கார்ந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது, அதைக் குடித்தேன். குவாரி லாரிகள் போகும், வரும். கையைக் காட்டினால் ஏற்றிக்கொண்டு வேறெங்கேயாவது போய்விடுவார்களோ என்று பயந்து, டவரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பொழுது சாயும்போதுதான் பெட்டி திரும்பி வந்தது.

நான் இல்லையென்று எப்போது தெரிந்தது தெரியுமா? அம்மா பிற்பாடு சொன்னாள். மத்தியானம் சாப்பிட நிறுத்தினார்களாம். நீ எழுந்து செருப்பைக் காணோம் என்று அழுதாயாம். "அக்காகிட்ட கேளு, எடுத்துத் தருவா" என்றாளாம் அம்மா. உன் செருப்பைத் தேடப் போய்த்தான் என்னைக் காணோம் என்று தெரிந்திருக்கிறது.

அப்பா இறங்கி வந்தார். ஓடினேன். தூக்கிக்கொள்வார் என்று நினைத்தேன். "தட்டினேல்ல? ஏற வேண்டியதுதானே?" என்றார். மறுநாள் அடுத்த கேம்பில் ஆட்களுக்கு நடுவே என்னை நிறுத்தி, "இவதான் நம்ம கண்டக்டர். ரைட் குடுத்துட்டு பஸ்ஸ விட்டவ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து வயதில் வேறென்ன செய்யத் தெரியும்?

அதற்கப்புறமும் நான்தான் தட்டினேன். உன் படிப்பு, உன் கல்யாணம், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது, எல்லாவற்றுக்கும் பின்வேலை பார்த்து முடித்து, போங்கள் என்று தட்டியவள் நான். நீங்களும் போய்விட்டீர்கள். இப்போது "பழகியவள் நீ" என்கிறாய். யாரும் பழக்கத்தோடு பிறப்பதில்லை. நனைந்த போர்வையை முதல்நாள் பிடித்தபோது நானும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பிடித்தேன்.

அப்பாவை இங்கே கொண்டுவராதே. கொண்டுவந்தால் கதவைத் திறக்க மாட்டேன். எனக்குத் தூங்க வேண்டும். எழுந்து யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்கிற தூக்கம்.

அக்கா

*

வழியில், பெட்ரோல் பங்க் வாசலில்
மார்ச் 2

அக்கா,

கடிதம் கிடைத்தது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அந்தப் பயணத்தில் அப்பா எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தது மட்டும் நினைவிருக்கிறது. சிவப்பு வார். பழையதை நீ கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது கல்குவாரி கேம்ப். போகாமல் தாண்டிவிடலாமா என்று நினைத்தேன். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருகிறார். இடது பக்கம் திரும்பு என்று நான் கேட்காமலே சொன்னார். இந்தப் பயணத்தில் அவர் வழி சொன்னது இதுதான் முதல்தடவை.

தம்பி

*

கல்குவாரி கேம்ப்
மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உயிர் போகிற விஷயமில்லை, ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்பா இங்கிருந்து கிளம்ப மறுக்கிறார்.

குவாரி மூடிக் கிடக்கிறது. பள்ளம் முழுக்கத் தண்ணீர், சுற்றிலும் முள்வேலி. மெஷின் சத்தம் இல்லாததால் டவரின் கம்பி இரைகிற சத்தம் கீழே வரை கேட்கிறது. குழாய் இருந்த இடத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி மட்டும் இருக்கிறது. ரோட்டோரத்து டீக்கடைக்காரர் தண்ணீர் கொடுக்கிறார். அவர் கடை முகவரிக்குத்தான் நீ எழுத வேண்டும், பின்பக்கம் இருக்கிறது.

சாப்பிடுகிறார், வண்டியில் வந்து படுக்கிறார். கிளம்பலாம் என்றால் மட்டும் இறங்கிப் போய் டவர் அடியில் உட்கார்ந்துவிடுகிறார். தட்டிப் பார்த்தேன். கதவைத் திறந்து மூடி, "ஏறிட்டாப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். ஒருதடவை அவரே எழுந்து வந்து உள்ளே பார்த்தார், படுக்கைக்கு அடியில்கூட. "பொய் சொல்ற" என்றார்.

நேற்று சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏம்ப்பா, நீ எந்தக் கேங்கு?"

"உங்க கேங்குதான்."

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கும். எம் பொண்ண இங்க விட்டுட்டுப் போயிட்டேன்."

"திரும்பி வந்து கூட்டிட்டுப் போயிட்டீங்களே."

"வந்தேன். வந்து என்ன கேட்டேன் தெரியுமா? தட்டினேல்ல, ஏற வேண்டியதுதானேன்னு கேட்டேன். புள்ள ஒண்ணும் சொல்லலை. கையில செருப்ப வச்சுட்டு நிக்குது. திரும்பிப் பாக்க வேண்டியவன் ஓட்றவன். தட்டுறவளா பாப்பா?"

கையைத் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"மறுநா அத ஒரு சிரிப்பாக்கிட்டேன். எனக்குப் பயம். அவளுக்கு ஏதாவது ஆயிருந்தான்னு நெனச்சா ஈரக்குலையே நடுங்குது. அத வெளிய காட்டாம இருக்க சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சானுங்க. அப்புறம் நிறுத்த முடியலை."

அப்புறம் என்னைப் பார்த்து, "அவ வரட்டும், போலாம்" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் அந்தப் பேச்சே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்கிறார்.

உன்னை வரச்சொல்லிக் கேட்கிறேன் என்று நினைக்காதே. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் அப்பா இனி என் வீட்டில்தான். உன் கடிதத்தை இவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். "மெஷின பால்கனிக்கு மாத்திட்டேன். மழை வந்தா நீங்கதான் குடை பிடிக்கணும்" என்றாள். பிடிக்கிறேன் என்றேன். இப்போதெல்லாம் எனக்கு அதில் பழக்கம் உண்டு.

பத்து நாள் பார்ப்பேன். அப்புறம் டீக்கடைக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அப்பாவைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அதை நினைத்தால்தான் மனசு வரவில்லை.

தம்பி

*

மார்ச் 12

தம்பிக்கு,

தூக்காதே.

போன் அடித்தபோது நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். எடுத்தால் கத்துவேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டுமே அலுத்துவிட்டது.

அவர் சொன்னதை எழுதியிருக்கிறாய். ஏழு வருஷம் நான் ஊட்டிவிட்டேன், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. யாரோ கேங்கு ஆள் என்று நினைத்து உன்னிடம் சொல்லியிருக்கிறார். நேரில் வந்தாலும் என்னையும் யாரென்று நினைப்பாரோ. ஒருவேளை ஆஸ்பத்திரி ஆயா என்று நினைப்பார். எனக்கு அதில் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. மனசு சமாதானம் ஆகிவிட்டது என்றும் எழுத மாட்டேன்.

ஆனால் நேற்று வேலை முடிந்து வந்து பின்கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொழுது சாய்கிற நேரம். தினமும் அதே நேரத்தில் அவர் எழுந்து போய்த் திறப்பாரே. வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு கத்தியிருக்கிறேன். தாழ்ப்பாள் போட்டேனே பாவி. நான் அடுப்படியில் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பேன். அவர் வெளியே பார்த்து என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா வந்து விளக்கைப் போட்டு, "என்ன, முதுகு புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சலவைப் பிரிவில் லீவு கேட்டேன். சூப்பர்வைசர் அம்மா, "நீ லீவு கேட்டே நான் பாத்ததில்லையே, யாருக்கு என்ன?" என்றாள். ஒன்றுமில்லை, ஒரு வண்டியில் ஏற வேண்டியிருக்கிறது, விட்டுவிட்டேன் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் வந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ டீக்கடை வாசலில் இறங்குவேன். அதுவரை அவரை டவர் அடியிலேயே விடு, வெயில் படாமல் பார்த்துக்கொள். அவர் கேட்டால் பொய் சொல்லாதே. இன்னும் ஏறவில்லை, வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்.

இப்போது என் பேச்சைக் கேள். உன் வீட்டு வாசல் வரைதான் வருவேன். அப்பாவை முன்னறையில் படுக்க வைத்து, மருந்தையெல்லாம் உன் பெண்டாட்டியிடம் காட்டிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இருந்துட்டுப் போக்கா என்று யாரும் கையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் இருந்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். மாதம் ஒருதடவை வந்து பார்க்கிறேன், சத்தியமாக. இந்த வாக்கியத்தை எங்கோ படித்த மாதிரி இருக்கிறதா?

இன்னொன்று. அங்கிருந்து வண்டியை நான் ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரி வேனைவிட அது ஒன்றும் பெரிதாக இருக்காது. அப்பா என் பக்கத்தில் உட்காரட்டும், என்னை யாரென்று வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். பின்வேலை உன்னுடையது. கேஸை மூடு, படியை மடி, கட்டையை உருவு, கொடியைப் பார். எல்லாம் முடிந்ததும் இரண்டு தட்டு. தட்டிய பிறகு ஏதாவது கிடப்பது கண்ணில் பட்டால், பதறாமல் போய் எடுத்துக்கொண்டு வா. நீ ஏறிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்காமல் நான் கியர் போட மாட்டேன்.

அக்கா